ஓர் அங்குலம்

கூடத்தில் அவர்கள் உட்கார்ந்திருந்த விதம் இது.

சோபாவில் மாப்பிள்ளையின் அம்மாவும் அப்பாவும். ஃபேனுக்கு நேர் கீழே தரகர். வாசலை ஒட்டி, மர நாற்காலியின் நுனியில், பெண்ணின் அப்பா. அம்மா உட்காரவில்லை, சமையலறை நிலையில் சாய்ந்து நின்றாள். பெண் பார்க்க வந்தவன் உள்ளறைக் கதவுக்குப் பக்கத்தில், பிளாஸ்டிக் நாற்காலியில்.

உள்ளறையில், கட்டில் போர்வைக்கு அடியில், அவளுடைய ஒன்பது வருடத்துக் கம்ப்யூட்டர்.

அதை யார் கண்ணிலும் காட்டக் கூடாது என்பது அம்மாவின் உத்தரவு.

போன தடவை வந்தவர்கள் பார்த்துவிட்டார்கள். இருபத்தெட்டு வயதில் கேம் ஆடுகிறதா பெண்? கல்யாணத்துக்குப் பிறகு விட்டுவிடும்தானே?

விட மாட்டேன் என்றாள்.

பாதிக் காபியோடு எழுந்து போனார்கள்.

"ஏதாச்சும் கேட்டா தையல் மெஷின்னு சொல்லு சாமி," என்றிருந்தாள் அம்மா இன்று காலையில்.

இரண்டு பேரும் பத்து நிமிடம் பேசட்டும் என்றார் தரகர்.

கதவு பாதி திறந்திருந்தது. அவன் நாற்காலியில். அவள் கட்டில் ஓரத்தில். படிப்பு, வேலை, உயரம் எல்லாம் ஜாதகத்தோடு வந்த காகிதத்திலேயே இருந்தன. கேட்க எதுவும் மிச்சமில்லை.

போர்வை உறுமியது.

ஓடிக்கொண்டிருந்ததை அணைக்காமல் அப்படியே மூடிவிட்டிருந்தாள் அம்மா.

அவன் திரும்பிப் பார்த்தான்.

"தையல் மெஷினுங்க," என்றாள்.

"தானாவே தைக்குதுங்களா?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

எழுந்து போர்வையை உருவினாள். போனால் போகட்டும்.

அவனும் எழுந்தான். போகவில்லை. மண்டியிட்டுக் கேபினெட்டில் காதை வைத்தான்.

"கிராபிக்ஸ் கார்டு ஃபேனுங்க. மூச்சு வாங்குது பாவம்."

அவள் அணைத்தாள். இழுப்பறையிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்து நீட்டினாள்.

பக்கத் தகடு கழன்று வந்தது. தூசி பறந்தது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தும்மினார்கள்.

அதன்பின் அந்த அறையில் ஜாதகம் இல்லை. தரகர் இல்லை.

அவள் நோட்டை விரித்தாள். கம்ப்யூட்டருக்குப் புதிதாக மாட்ட வேண்டியவை: மூன்று வருடமாக எழுதி, அடித்து, மறுபடி எழுதிய பட்டியல். ஒன்றும் முடிவாகவில்லை. சரியா என்று கேட்க ஆள் கிடைத்ததில்லை.

அவன் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தான்.

ரேம் எட்டு போதாது, பதினாறு. பழைய ஹார்ட் டிஸ்க்குக்கு ஓய்வு, எஸ்எஸ்டி. இதில் சண்டையே இல்லை. பவர் சப்ளைக்கு அவன் ஐநூறு வாட் என்றான், அவள் அறுநூற்றைம்பது என்றாள். அறுநூற்றைம்பது என்று எழுதினான்.

கிராபிக்ஸ் கார்டில் வந்து நின்றார்கள்.

மூன்று ஃபேன் வைத்த பெரிய கார்டுதான் வேண்டும் என்றான். பெரிய மீனைப் பிடித்தவன் மாதிரி இரண்டு கையையும் விரித்துக் காட்டினான்.

அவள் இஞ்ச் டேப்பைக் கேபினெட்டுக்குள் விட்டு அளந்தாள். இடம் பதினொரு அங்குலம். கார்டு பன்னிரண்டு.

அவனுக்கு மனம் ஆறவில்லை. கொஞ்சம் சாய்த்து வைத்தால்? ஓரத்தை வளைத்துவிட்டால்?

அவள் குரல் உயர்ந்தது. இத்தனை சந்தோஷமாக அவள் யாரோடும் சண்டை போட்டதில்லை.

"இல்லவே இல்லீங்க. பொருந்தாதுன்னா பொருந்தாது! எத்தனை தடவை சொல்றது?"

கூடத்தில் பேச்சு நின்றது.

"பத்துக்கு எட்டுப் பொருத்தம் இருந்துச்சுங்களே…" என்று இழுத்தார் தரகர்.

மாப்பிள்ளையின் அம்மா டம்ளரைக் கீழே வைத்துவிட்டு மகனைக் கூப்பிட்டார்.

வெள்ளைச் சட்டையெல்லாம் தூசியாக வந்து நின்றான். "இன்னும் ஒண்ணு பாக்கிங்கம்மா," என்றான்.

"பார்த்தது போதும். வா கண்ணு."

வாசலில் அவனுடைய அப்பா கும்பிட்டார்.

"ஊருக்குப் போயி லெட்டர் போடறோமுங்க."

ஆளுக்கொரு போன் இருக்கிற காலத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

கார் தெருமுனை திரும்பியது.

"என்னத்தப் பொருந்தாதுன்னு அந்தக் கத்து கத்துன?"

"கார்டும்மா."

அம்மா நிலைப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. பிறகு சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார்.

தரகருக்குப் போன் போட எழுந்தார். அவள் தடுத்தாள். தரகர் வாய்க்குள் நுழைந்து வெளியே வரும்போது கார்டு என்னவாகியிருக்குமோ.

லெட்டர் அவர்கள்தான் போட வேண்டுமா?

ஜாதகத்தோடு வந்த காகிதத்தின் அடியில் அவனுடைய உடுமலை முகவரி இருந்தது. போன் நம்பர் தரகருடையது.

கோடு போட்ட தாளை எடுத்தாள். பள்ளியில் சொல்லித்தந்தபடி மார்ஜின் விட்டாள். இடம், தேதி. 'ஐயா' என்று தொடங்கினாள். அடித்தாள். வேறு எப்படிக் கூப்பிடுவதென்று தெரியவில்லை. நேரே பட்டியலுக்குப் போனாள்.

1. நான் பொருந்தாது என்றது மூன்று ஃபேன் கார்டை. ஓர் அங்குலம் இடிக்கிறது.

2. இரண்டு ஃபேன் வைத்தது பத்து அங்குலம். தாராளமாக உட்காரும்.

3. ரேம், எஸ்எஸ்டி, பவர் சப்ளை: நீங்கள் எழுதியபடியே.

4. ஹெட்செட்: 1.

பேனா நின்றது.

ஒன்றை அடித்தாள். பக்கத்தில் 2 என்று எழுதினாள்.

மேஜைக்கு எதிர்ப்பக்கம் நின்று அம்மா தலைகீழாகப் படித்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு எதுக்கு சாமி? உனக்கு இருக்கறது ஒரு தலைதான?"

அவள் அதற்குள் தாளை உறையில் போட்டுப் பசையை நாக்கால் நனைத்துக்கொண்டிருந்தாள். மடித்து ஒட்டினாள். கட்டைவிரலால் இரண்டு தடவை அழுத்தித் தேய்த்தாள்.

தபால் ஆபீஸ் மூடக் கால் மணி நேரம் இருந்தது. பட்டுப் புடவையை மாற்றாமலே ஸ்கூட்டியை எடுத்தாள்.

கவுண்டரில் இருந்தவர் உறையைத் திருப்பிப் பார்த்தார். அவளைப் பார்த்தார். தலையில் பூ, முந்தானையில் தூசி.

"சாதாவாம்மா, ஸ்பீடா?"

"ஸ்பீடுங்க."