எஞ்சின் தெரியும் ஜன்னல்

சின்னசேலத்திலிருந்து மேட்டுப்பாளையம் வந்ததே சுபஸ்ரீக்காகத்தான். ஊட்டி மலை ரயிலின் நீராவி எஞ்சினைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும் என்று ஒரு வருடமாக நச்சரித்திருந்தாள். முதல் பெட்டியில் முன்வரிசை ஜன்னலே கிடைத்துவிட்டது.

"எஞ்சின் இன்னும் வரல. வந்து மாட்டுச்சுன்னா உன் மூக்குக்கு முன்னாடிதான் நிக்கும் பாரு!" என்றார் அப்பா தமிழரசன்.

அப்போது கர்ப்பிணிப் பெண் ஒருத்தி கணவனோடும் மாமியாரோடும் வந்து நின்றாள்.

"அக்கா, எங்க மூணு பேருக்கும் கடைசிப் பெட்டி. பின்னாடி உக்காந்தா எனக்குக் குமட்டும். இடம் மாத்திக்கலாமா?"

"இதுக்கின்னாம்மா, வந்து உக்காரு," என்று அம்மா கொளஞ்சி எழுந்துவிட்டாள்.

பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்த தமிழரசன் பொருமினார். "புள்ள ஒரு வருசமா கேட்டுக்கினு இருக்குது. பெரிய தர்மபிரபுன்னு நெனப்பு உனக்கு!"

"மசக்கைக்காரிய வாந்தி எடுக்க வுட்டுட்டு எஞ்சின் பாக்கணுமா?"

கடைசிப் பெட்டியில் சுபஸ்ரீ விம்மினாள். "எனக்கு எஞ்சினே தெரியாது, போம்மா!"

முதுகுக்குப் பின்னால் விசில் காதைப் பிளந்தது. திரும்பினாள். கரிய எஞ்சின் ஒன்று புஸ்ஸென்று ஆவி விட்டபடி வந்து, அவர்கள் பெட்டியோடு மாட்டிக்கொண்டது.

"இன்னாங்க, பின்னாடி மாட்டுறீங்க?" என்று ஊழியரிடம் கேட்டார் தமிழரசன்.

"மலை ஏறுற வண்டிங்க. எஞ்சின் பின்னால இருந்துதான் தள்ளும்."

"சாமியும் அப்படித்தாங்க," என்று சிரித்தாள் கொளஞ்சி.

சுபஸ்ரீ இது எதையும் காதில் வாங்கவில்லை. கன்னத்து ஈரம் காயாமலே எஞ்சின் டிரைவருக்கு டாட்டா காட்டிக்கொண்டிருந்தாள்.