ஓட்டிக் காட்டியவர்

வண்டியை நிறுத்தச் சொல்லிக் கத்த வேண்டும் என்றுதான் லேப் அக்கா நினைத்தாள். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

ஆஸ்பத்திரியில் தினமும் நூறு பேருக்கு ஊசி குத்தி ரத்தம் எடுக்கிறவள். பயந்தவர்களுக்கெல்லாம், எறும்பு கடித்த மாதிரிதான் இருக்கும் என்று தைரியம் சொல்கிறவள். இப்போது அவள் முகத்திலேயே ஒரு சொட்டு ரத்தம் இல்லை.

எல்லாம் இந்தக் காரால் வந்தது.

ஊரின் மறுகோடியில் இருந்த கிளைக்கு அவளை மாற்றிவிட்டார்கள். காலை ஏழு மணி டூட்டிக்கு நேர் பஸ் கிடையாது. வேறு வழியில்லாமல் ஒரு பழைய கார் தேட ஆரம்பித்தாள். மூன்று வாரம் அலைந்ததில், நல்ல சின்னக் கார் கைக்கு எட்டவில்லை. கைக்கு எட்டிய கார் ஓடவில்லை.

கடைசியில்தான் இந்தப் பழைய கார் கடையில் இதைப் பார்த்தாள். கருநீலச் செடான். தரையோடு பதுங்கி, இதோ பாயப்போகிறேன் என்பது போல நின்றது.

"பார்த்தா பந்தயக் குதிரை, விலையில கழுதை" என்று சிரித்தார் கடை முதலாளி. பெட்ரோல் கூடக் குடிக்கும் என்று குடும்பஸ்தர்கள் ஒதுங்கிவிடுவதால்தான் இந்த விலை என்று காரணமும் சொன்னார்.

கணவனுக்கு ஷிப்ட்; தனியாகத்தான் வந்திருந்தாள். அவசரப்பட்டு அட்வான்ஸ் கொடுத்துவிடாதே என்று சொல்லி அனுப்பியிருந்தான். ஆனால் சீட்டில் சாய்ந்து உட்கார்ந்ததுமே அவளுக்கு அந்தக் கார் மேல் ஆசை வந்துவிட்டது.

ஓட்டிக் காட்ட முதலாளி டிரைவரைக் கூப்பிட்டார். ஐம்பதைத் தாண்டிய மனிதர். கடையில் அவருக்குப் பெயரே 'நிதானம்'. அவர் ஓட்டினால் சைக்கிள்காரன்கூட முந்திக்கொண்டு போவான் என்றார் முதலாளி.

கிளம்பும்போது நன்றாகத்தான் இருந்தது. வீட்டில் எத்தனை பேர் என்று டிரைவர் விசாரித்தார். இரண்டு பெண்கள், தினமும் வழியில் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட வேண்டும், பின்சீட் அவர்களுக்குத் தாராளம் என்றாள்.

அதற்குப் பிறகு மனிதர் வாயைத் திறக்கவில்லை.

கடைத்தெருவைச் சுற்றிக்கொண்டு திரும்ப வேண்டியவர், ஆள் நடமாட்டமே இல்லாத புதுச் சாலைக்குள் வண்டியை ஒடித்தார். கதவுகள் டக்கென்று பூட்டிக்கொண்டன.

"இது வழி இல்லையே?"

வண்டி சீறியது. வளைவில் டயர் கிறீச்சிட, அவள் கதவோடு போய் மோதினாள். நேராவதற்குள் மறுபக்கம் சாய்ந்தாள். சாலை முடிகிற இடத்தில் மண்மேடு நின்றது. அதை நோக்கியே போனார். அவள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். பிள்ளைகள் முகம் வந்து போனது.

பிரேக்கில் வண்டி குலுங்கி நின்றது. நெற்றி முன்னால் இடிக்காமல் பெல்ட்தான் காப்பாற்றியது.

"வண்டி இப்படித்தாம்மா போகும்" என்றார் அவர், முகத்தைப் பார்க்காமல்.

கடைக்குத் திரும்பி இறங்கினாள். இப்போது வாய் வந்துவிட்டது. நடந்ததையெல்லாம் முதலாளியிடம் கொட்டித் தீர்த்தாள். தனியாக வந்த பெண் என்றால் இளக்காரமா, இவரை வேலையில் வைத்திருந்தால் போலீசுக்குப் போவேன் என்றாள்.

முதலாளி டிரைவரை ஏற இறங்கப் பார்த்தார். வண்டியோட வேகத்தைக் காட்டினேன் என்று அவர் முணுமுணுத்தது எடுபடவில்லை. சாவியைக் கொடுத்துவிட்டு அப்படியே வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார். அதோடு, மேடத்துக்காக விலையில் இன்னும் குறைப்பதாகவும் சொன்னார். அந்தக் காரைச் சும்மா கொடுத்தாலும் வேண்டாம் என்று லேப் அக்கா வெளியே வந்துவிட்டாள்.

பஸ் ஸ்டாப்பில் ஒரு ஈ காக்கை இல்லை. ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். தூரத்தில் ஒரு ஆள் வருவது தெரிந்தது. கையில் சாப்பாட்டுப் பை.

அவர்தான்.

நேராக அவளை நோக்கித்தான் வந்தார். வேலையைப் பறித்தவளைச் சும்மா விடுவாரா? லேப் அக்கா கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு பின்னால் நகர்ந்தாள். முதுகு சுவரில் முட்டியது.

நான்கடி தள்ளியே நின்றுகொண்டார்.

"அட்வான்ஸ் எதுவும் குடுத்துடலையேம்மா?"

இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினாள்.

அவர் அப்போதுதான் மூச்சு விட்டார்.

"அது ஒரு வண்டியே இல்லம்மா. அடிபட்ட ரெண்டு வண்டிய நடுவுல வெட்டி, ஒண்ணா ஒட்டினது. ஒட்டு பின்சீட்டுக்கு அடியில ஓடுது. வேகமா போறப்ப எதுலயாவது மோதினா ரெண்டா பிரிஞ்சிடும்."

"அப்புறம் ஏன் வண்டியிலேயே சொல்லல?" என்றாள்.

"வண்டிக்குள்ள கேமரா இருக்கு. பேசறது பூரா முதலாளி காதுக்குப் போயிடும். வாயால சொல்ல வழியில்ல. அறுபதுக்கு மேல நான் போகல. நீங்க கண்ணை மூடிட்டதால தெரியல."

லேப் அக்காவின் கை தானாகத் தளர்ந்தது. "என்னால உங்க வேலை போயிடுச்சே" என்றாள்.

"உங்க மேல வருத்தம் இல்லம்மா, நீங்களாவது பயந்தீங்க" என்றார் அவர். "போன மாசம் இதே மாதிரி ஒட்டின இன்னொரு வண்டிய இதே ரோட்டுல ஓட்டிக் காட்டினேன். அவர் பயப்படவே இல்ல. கைதட்டி ரசிச்சு வாங்கிட்டுப் போயிட்டார்."