இன்னும் ஓரடி அகலம்

பாலிகஞ்ச் வீட்டுக் கூடத்தில் சாக்கட்டியால் கோடு போட்டுவிட்டு, மனைவி பாகீரதியைப் பயத்தோடு பார்த்தார் வாஞ்சிநாதன்.

"இங்கே பெரிய மீன் தொட்டி, நானே கட்டப் போறேன். வழியற தண்ணி அடியில இருக்கிற தொட்டியில வடிஞ்சு சுத்தமாகி, மோட்டார்ல திரும்ப மேலே ஏறும்."

பாகீரதி விடுவிடுவென்று வாசல்வரை போனாள். கோபமோ என்று அவர் நினைப்பதற்குள் திரும்பி வந்தாள்.

"நன்னாயிருக்கு. அகலந்தான் போறாது, இன்னும் ஓரடி கூட்டுங்கோ. உயரமும் கூட்டுங்கோ. இரும்புச் சட்டத்தை ஆத்துக்குள்ளேயே வெல்டிங் பண்ணிடுங்கோ."

வாஞ்சிநாதனுக்குக் கால் தரையில் பாவவில்லை. இப்படி ஒரு மனைவி யாருக்கு வாய்ப்பாள்!

துர்கா பூஜைக்குள் தொட்டி தயாராகி, தங்க மீன்கள் நீந்தின. ஒவ்வொன்றுக்கும் பேர் வைத்து, ஆபீஸிலிருந்து வந்ததும் அவற்றைத்தான் முதலில் விசாரித்தார்.

ஒருநாள் துள்ளிக்கொண்டு வந்தார்.

"பாகீ! வருஷக்கணக்கா கெஞ்சினேனே, மெட்ராஸுக்கு மாத்தல் கிடைச்சாச்சு! மொதல்ல இந்தத் தொட்டியை லாரியில..."

தொட்டியைப் பார்த்தார். வாசல் கதவைப் பார்த்தார். முகம் தொங்கிப்போயிற்று.

"எப்படிச் சாய்ச்சாலும் வெளியே போகாதேடி! இதுகளை விட்டுட்டு நான் எப்படிப் போவேன்?"

இதே ஊரில், பவானிபூரில் பிறந்து வளர்ந்த பாகீரதி மீன்களுக்குத் தீனி தூவினாள்.

"எப்படிப் போகும்? கதவை அளந்து பாத்துட்டுத்தானே ஓரடி கூட்டச் சொன்னேன்!"