வாசல் திறக்குமுன்

மார்கழி, பனியைப் போர்த்திக்கொண்டு கோபுரத்தின்மேல் கண்மூடி நின்றது. ஏகாதசி உபவாசத்தோடு சொர்க்கவாசல் வரிசையில் நின்ற வகுளவல்லியின் கைப்பேசி அலறியது. மேற்கையில் ஒட்டியிருந்த கருவி, ரத்தச் சர்க்கரை அறுபதுக்கு இறங்கிவிட்டது என்றது; திரையில் அம்புக்குறி இன்னும் கீழ்நோக்கியிருந்தது.

"குளிருக்குப் பொய் சொல்றதுடி. கதவு திறக்கப் போறது, விரதத்தைக் கெடுத்துக்காதே" என்றார் கணவர் சடகோபன்.

அவள் விரலைக் குத்திச் சோதித்தாள். உதிரமும் அதையே சொன்னது.

"மயங்கி விழுந்தா எந்தக் கண்ணால சேவிக்கறது?" என்று வரிசையை விட்டு விலகி அமர்ந்தாள். பையிலிருந்த குளுக்கோஸ் வில்லையை எடுத்து, மூடிய கதவை நோக்கி ஒருகணம் ஏந்திவிட்டு வாயிலிட்டாள்.

கதவு திறந்தது. சடகோபனையும் இழுத்துக்கொண்டு கூட்டம் உள்ளே பெருகியது. அம்புக்குறி நிமிரும்வரை அவள் எழவில்லை. பிறகு இருந்த இடத்திலேயே கைகூப்பினாள்.

"என்னை நான் பாத்துண்டேன். நீரும் நன்னா இரும், பெருமாளே."