விலை போகாத வீடு

சுவரை விரல் முட்டியால் தட்டிவிட்டு, அதன்மேல் காதை வைத்துக் கேட்டார் அவர். சுவர் நல்ல பிள்ளையாக டொக் டொக் என்றது. அதுவே அவருக்குப் பிடிக்கவில்லை.

"சுவருக்கு என்னங்க, காய்ச்சலா?" என்றாள் மனைவி.

"சும்மா இரு. ஒன்பது மாசமா 'விற்பனைக்கு'ன்னு போர்டு தொங்குது. எழுத்தே வெளுத்துப்போச்சு. இவ்ளோ நல்ல வீட்டை ஒருத்தன்கூட விலை கேட்கலன்னா, உள்ளே என்னவோ இருக்கு."

ஆயத்த ஆடை கம்பெனியில் சட்டைகளைச் சரிபார்ப்பது அவர் வேலை. பதினெட்டு வருடமாகக் காலர், பட்டன், தையல் என்று குறை கண்டுபிடித்தே சம்பளம் வாங்குகிறார். குறை எதுவும் இல்லையென்று எழுதிக் கொடுத்தால், ஒழுங்காகப் பார்த்தாயா என்று மேனேஜர் தாளைத் திருப்பி அனுப்பிவிடுவார். கம்பெனியில் அவர் பெயரே 'செக்கிங்'தான்.

அந்தச் செக்கிங்கும் ஒரு தடவை ஏமாந்திருந்தார். மனைவியின் நகைகளை விற்று வாங்கிய மனை, முதல் மழையிலேயே குளமாகிவிட்டது. இனி இருக்கிற சேமிப்பு ஒரே ஒரு வீட்டுக்குத்தான் காணும். மறுபடியும் சறுக்கினால் ஆயுளுக்கும் வாடகை வீடுதான்.

வீட்டுக்காரம்மா சமையலறை வாசலில் நின்றிருந்தார். மருந்துக்கடை வைத்திருந்து ஓய்ந்தவர். தனியாள்.

"எதுக்கும்மா விக்கறீங்க?"

"என் மக ரெட்டைப் பிள்ளைங்களை வச்சுக்கிட்டுத் திண்டாடறா, தம்பி. இது கைமாறின அன்னைக்கே கிளம்பிடுவேன்."

பதில் டக்கென்று வந்தது. மனப்பாடம் செய்த மாதிரி இருந்தது அவருக்கு.

மாடியேறித் தண்ணீர்த் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தார். கூடத்தில் ஒரு கோலிக்குண்டை வைத்தார். அது எந்தப் பக்கமும் உருளாமல் வைத்த இடத்திலேயே நின்றது. பத்திரத்தைப் பார்த்த வக்கீல், 'கண்ணை மூடிக்கிட்டு வாங்கலாம்' என்று முந்தின நாளே சொல்லியிருந்தார். கண்ணை ஏன் மூடச் சொல்கிறார் என்பதுதான் செக்கிங்குக்கு உறுத்தியது.

பக்கத்து வீட்டுக்காரரைத் தனியே மடக்கினார்.

"உண்மையைச் சொல்லுங்க சார். அந்த வீட்டுல யாராவது தூக்கு கீக்கு..."

"ஐயையோ! அந்தம்மா வீட்டுல கரப்பான்பூச்சிகூட நிம்மதியா இருக்கும். தங்கமான வீடு சார். வர்றவங்க எல்லாருமே என்கிட்ட வந்து கேட்கறாங்க. நானும் இதையேதான் சொல்றேன். அப்புறம் ஆளைக் காணோம்."

இப்படிப் புகழ்வதில் இவருக்கு என்ன லாபம் என்று செக்கிங் மனதுக்குள் குறித்துக்கொண்டார்.

கிளம்பும்போது வீட்டுக்காரம்மா வாசல்வரை வந்தார்.

"ஏதாவது குறை இருந்தா சொல்லுங்க தம்பி. எல்லாரும் யோசிச்சுச் சொல்றோம்னு போயிடறாங்க. எதைச் சரிபண்றதுன்னே தெரியல."

"ஒரு குறையும் இல்லீங்கம்மா. அதான் பயமா இருக்கு."

அந்தம்மா அவரையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி வெடித்தாள்.

"மாசக் கடைசியில இந்த வீட்டைக் காலி பண்ணணும், ஞாபகம் இருக்கா? நீங்க ரிஜெக்ட் பண்ணிக்கிட்டே இருங்க. நாங்க பஸ் ஸ்டாண்டுல குடியிருக்கோம்."

பத்து நாள் கழித்து, மனைவியோடு மறுபடியும் போனார். இந்த முறை சமையலறைத் தொட்டிக்கு அடியில் குனிந்து, இருட்டுக்குள் கையை விட்டார்.

ஈரம்.

டார்ச் அடித்தார். குழாய் இணைப்பிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. பின்சுவரில் உள்ளங்கை அகலத்துக்கு ஓதம். செக்கிங்கின் முகம் மலர்ந்துவிட்டது. சட்டைப் பையில் சிவப்புப் பேனாவைத் தேடினார்.

"இது என்னம்மா?"

வீட்டுக்காரம்மா தலையைக் குனிந்துகொண்டார். "உங்க கண்ணுக்குத் தப்புமா, தம்பி?"

"இதை மறைச்சுத்தானே தள்ளிவிடப் பார்த்தீங்க? விலையைக் குறைங்க."

மறுபேச்சில்லாமல் குறைத்தார். அங்கேயே முன்பணம் கைமாறியது.

"வந்தவன் எல்லாம் இதைப் பார்த்துட்டுத்தான் ஓடியிருக்கான்," என்றார் மனைவியிடம், திரும்பும் வழியில். "இப்போ விஷயம் தெரிஞ்சுபோச்சு. இனி பயமில்ல."

அன்று இரண்டு மாதத்துக்குப் பிறகு அவர் நிம்மதியாகச் சாப்பிட்டார். மனைவி அட்டைப் பெட்டிகளில் பாத்திரங்களை அடுக்கத் தொடங்கினாள்.

பதிவு முடிந்து, அந்தம்மா மகளிடம் போய்ச் சேர்ந்தார். இவர்கள் குடிவந்த மறுநாள், பக்கத்து வீட்டுக்காரர் சொல்லி ஒரு குழாய்க்காரர் வந்தார். அந்தத் தெருவுக்கே அவர்தான் வழக்கமான ஆளாம்.

"சுவரை உடைக்கணுமா? தரையையும் பேர்க்கணுமா?" என்றார் செக்கிங், எதற்கும் தயாராகக் கையைக் கட்டிக்கொண்டு.

குழாய்க்காரர் ஸ்பேனரை உள்ளே விட்டு அரைச் சுற்று இறுக்கினார். சொட்டு நின்றுவிட்டது.

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான் சார்."

"எத்தனை வருஷத்துக் கோளாறோ, பாவம், அந்தம்மா கவனிக்காமலே விட்டிருக்காங்க."

குழாய்க்காரர் எழுந்து துணியில் கையைத் துடைத்தார்.

"வருஷமா? போன மாசம் அந்தம்மா கூப்பிட்டுச் சொல்லி, நான்தானே சார் தளர்த்திவிட்டேன்!"