முனை

மூன்றாம் நாள் காலையில் வாந்தி நின்று, எட்வின் ஆஸ்பத்திரிக் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து இட்லி கேட்டான். பிலோமினா கடைக்கு ஓடினாள். பொட்டலத்தோடு திரும்பி வரும்போது வராந்தாவில் டாக்டர் நின்றிருந்தார்.

"அவருக்குச் சரியாயிடுச்சு டாக்டர். பசிக்குதுங்கிறார்."

டாக்டர் சிரிக்கவில்லை. "அந்தக் காளான் சாப்பிட்டா நடுவுல ஒரு நாள் இப்படித்தான் தெளியும்மா. உள்ள கல்லீரல் அழிஞ்சுக்கிட்டு இருக்கு."

"மஞ்சள் போட்டுத்தானே வேகவச்சேன். கெட்ட காளான்னா தண்ணி கறுத்துடும். கறுக்கவே இல்லையே."

டாக்டர் பொட்டலத்தில் மாட்டியிருந்த ரப்பர் பேண்டைத் தொட்டுக் காட்டினார். "மத்த புரதமெல்லாம் நூல் மாதிரி. முனையைப் பிடிச்சு வயிறு பிரிச்சுடும். இந்தக் காளான்ல ஒரு நொதி இருக்கு. அது விஷத்தோட ரெண்டு முனையையும் சேர்த்து இப்படி வளையமாக்கிடுது. அடுப்புல வெந்தாலும் பிரியாது, வயித்துலயும் பிரியாது. மஞ்சளுக்கு அது தெரியவும் தெரியாது."

"கொஞ்சந்தான் கிடைச்சுது டாக்டர். நான் தொடாம, எல்லாத்தையும் அவருக்கே வச்சேன்."

டாக்டர் அவள் தோளில் கை வைத்தார்.

எட்வின் முகம் கழுவித் தலை சீவிக் காத்திருந்தான். "நீயும் சாப்பிடு. சாயங்காலம் வீட்டுக்குப் போயிடலாம்" என்றான். அவன் கண்ணின் வெள்ளையில் மஞ்சள் ஏறியிருந்தது. பிலோமினா குனிந்துகொண்டாள். அவள் நகம் ரப்பர் பேண்டின் மேல் சுற்றிச் சுற்றி முனையைத் தேடிக்கொண்டிருந்தது.

"பிரியேன்டி, பசிக்குது."