ஓடுகிற தண்ணீர், நிற்கிற சேறு

ஏரி வற்றிக்கொண்டே வந்ததில் நாமக்கோழி என்கிற நீர்ப்பறவைக்கு இருப்புக் கொள்ளவில்லை. தண்ணீர்மேல் வெகுதூரம் ஓடினால்தான் அதனால் மேலெழும்ப முடியும்.

"எதற்குப் பதறுகிறாய்? கரைக்குக் கரை எவ்வளவு இடம் கிடக்கிறது" என்றது ஆமை.

அதை நம்பி நாமக்கோழி நடு ஏரியிலிருந்தே ஓடியது. எழும்புவதற்குள் தண்ணீர் தீர்ந்துபோய், சேற்றில் சறுக்கிக்கொண்டு போய் நின்றது.

"இன்னும் இடம் இருக்கிறதே, ஓடு" என்றது ஆமை.

"இதில் நிற்கலாம், ஓட முடியாது. உனக்குத் தண்ணீரும் சேறும் ஒன்றுதான்."

நாமக்கோழி மறுபடி தண்ணீரில் இறங்கி எதிர் ஓரத்துக்கு நீந்திப்போய், வால் சேற்றில் படத் திரும்பி, காற்றைப் பார்த்து ஓடியது. தண்ணீர் முடிகிற இடத்தில் கால் மேலெழுந்தது.

கீழே அதன் தங்கை பாசி கொத்திக்கொண்டிருந்தது. அதுவும் ஓரத்துக்கு நீந்தத் தொடங்கும்வரை அக்கா தலைக்குமேல் வட்டமிட்டுக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது.